ராணிக்குப் போன கிரீடம்

நாடக உடுப்பை வாடகைக்கு விடுகிறவன் முதலில் கற்றுக்கொள்வது இதுதான்: ராஜா வேஷம் கட்ட ஊரில் எப்போதும் ஆள் இருக்கும், ஈட்டி பிடித்து நிற்கத்தான் ஆள் தேட வேண்டும். பந்தல், பாத்திரம், மைக் செட் என்று எதையாவது வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் என் சக பாவிகளே, கொடுத்த சாமான் கொடுத்தபடி திரும்பி வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? உங்கள் அண்டா நசுங்கியாவது வரும். என் கடைக்கு வாள் வளைந்து வரும், தாடி பாதியாக வரும், முனிவரின் காவியில் சாம்பார் இருக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சென்ற கல்லூரி விழாவின்போது நான் பட்டதை மட்டும் உங்களிடம் சொல்லித்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும்.

யாருடைய ஆள்

இந்தக் கடை நான் ஆசைப்பட்டு வைத்ததல்ல. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தபோது சங்கத்தில் வீதி நாடகக் குழு வைத்திருந்தோம். எழுதுவது நான். பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாம் வகுப்பு. மிச்சத்தை ஆலை வாசலில் நடக்கும் கேட் மீட்டிங்கில் விற்ற சிறு பிரசுரங்களில் படித்தேன். அந்தப் படிப்பு யார் படிப்புக்கும் குறைந்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். முதலாளியை ராஜாவாகக் காட்டிக் கேலி செய்ய ஒரு ஜிகினா அங்கி, ஒரு செங்கோல், தகரத்தில் ஒரு கிரீடம் செய்தோம். கிரீடம் மட்டும் எங்களை மீறி நன்றாக அமைந்துவிட்டது. பொன் முலாம் பூசிக் கண்ணாடிக் கல் பதித்தது. வெயில் பட்டால் தெருமுனையிலிருந்து தெரியும். பிறகு ஆலையிலிருந்து என்னை வெளியேற்றினார்கள். குழு கலைந்தது. உடுப்புப் பெட்டி என் வீட்டுக்கு வந்தது. கேலிக்காகத் தைத்ததை மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடங்கள் வந்தன. கடை பிறந்தது அப்படித்தான்.

அந்தக் குழுவோடு ஒரு முறை ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் நாடகம் போட்டோம். பாதியில் எங்களை வேஷத்தோடு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். இன்ஸ்பெக்டர் என் தலையிலிருந்த கிரீடத்தைத் தன் கையாலேயே பக்குவமாக எடுத்து மேஜைமேல் வைத்தார். எந்தக் கட்சி, எந்தத் தலைவர் அனுப்பினார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் அனுப்பவில்லை, நாங்களாக வந்தோம் என்றேன். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அனுப்பும்போது கிரீடத்தைத் திருப்பித் தந்து சொன்னார்: "ஏலே, யாராவது ஒருத்தரோட ஆளுன்னு சொல்லியிருந்தா அப்பவே டீ வாங்கிக் குடுத்து அனுப்பியிருப்பேன். யாரோட ஆளும் இல்லேங்கியே, அதுதாம்லே எனக்குப் பயமா இருக்கு."

இடக்கையால் கழற்றிய தொப்பி

முத்துமாரி கூமாப்பட்டிக்காரப் பெண். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள். நிரந்தர வேலை இல்லை. கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். ஒவ்வொரு ஆண்டு விழா முடிந்ததும், யாருக்கு அடுத்த வருஷமும் வேலை, யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கல்லூரிச் செயலாளர் முடிவு செய்வார். அவள் கடைக்கு வந்து, "ஐயா, நானூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்து ராணிக்கு உடுப்பு வேணும்" என்றாள். நம்மூர் ராஜா என்றால் உடனே எடுத்துத் தருவேன், சீமை ராணிக்குப் புதிதாகத்தான் தைக்க வேண்டும் என்றேன். தமிழில் அவளே எழுதிய நாடகமாம்.

அந்தக் காலத்து லண்டனில் நடிகர்கள் ஒரு பிரபுவின் வேலைக்காரர்கள் என்று அவருடைய சின்னத்தைப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். இல்லையென்றால் நாடோடி என்று பிடித்துச் சாட்டையால் அடிக்கலாமாம். எனக்கு அந்த இன்ஸ்பெக்டர் ஞாபகம் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். பிறகுதான் அவள் கதையைச் சொன்னாள். ராணி ஒரு பிரெஞ்சு இளவரசனைக் கட்டிக்கொள்ளப் பேச்சு நடக்கிறது. கூடாது என்று ஒருவன் துண்டறிக்கை எழுதுகிறான். ராணிக்குக் கோபம். எழுதிய வலக்கையை வெட்டச் சொல்கிறாள். அச்சடித்த கிழவனுக்கு மன்னிப்பு, எழுதினவனுக்குக் கிடையாது. சந்தைக் கூட்டம் பார்க்க, கட்டையில் வைத்து மணிக்கட்டோடு வெட்டுகிறார்கள். அவன் மிச்சமிருந்த இடக்கையால் தொப்பியைக் கழற்றி, "ராணி நீடூழி வாழ்க" என்று சொல்லிவிட்டு மயங்கி விழுகிறான். கூட்டம் மூச்சுக் காட்டவில்லை.

ஆயுள் முழுக்கத் துண்டறிக்கை எழுதியவன் நான். அடி வாங்கியிருக்கிறேன், உள்ளே போயிருக்கிறேன். அடித்தவனை ஒரு நாளும் வாழ்த்தியதில்லை. கையை வெட்டினவளுக்கு எதற்கம்மா வாழ்த்து என்று கேட்டேன். முத்துமாரி கிரீடத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதைத் தெரிஞ்சுக்கத்தான் ஐயா இந்த நாடகமே போடுதேன்."

சோழபுரத்து அப்பா

அந்தக் காலத்து லண்டனில் பெண்கள் மேடை ஏறக் கூடாதாம். ராணியே நாட்டை ஆளலாம், ராணி வேஷத்தை மட்டும் ஒரு பையன்தான் கட்ட வேண்டும். முத்துமாரி அந்த வழக்கத்தை மாற்றாமல் மகேஷ் என்ற உயரமான மாணவனைப் பிடித்திருந்தாள். அளவு எடுத்த மறுநாள் அவனுடைய அப்பா சோழபுரத்திலிருந்து டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கினார். சீட்டுக்கு முன்னால் ஒரு மூட்டை உரம் இருந்தது.

"எம் பய எம்.ஏ. படிக்கப் போனானா, பாவாடை கட்டப் போனானா?" என்றார். நானும் விடவில்லை. இந்த ராணி லேசுப்பட்ட ஆள் இல்லை, ஏழு கடலிலும் கப்பல் விட்டவள், எதிர்த்தவர்கள் தலையை வாங்கியவள், ஆம்பளை மந்திரிகள் எல்லாம் அவள் முன்னால் மண்டி போட்டுத்தான் பேச வேண்டும் என்று முத்துமாரி சொன்னதை எல்லாம் எடுத்துவிட்டேன். அவர் அங்கியைத் தொட்டுப் பார்த்தார். கிரீடத்தைக் காட்டி, இதை அவன்தான் வைப்பானா என்றார். ஆமாம் என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்பவே தெளிவாச் சொல்லணும்லா அண்ணாச்சி. ராணின்னா சரி. பொம்பளைன்னுதான் நான் வேண்டாம்னேன்."

கழுத்துக்கும் கட்டு

என் கடைக்குத் தைத்துக் கொடுப்பவர் காதர் பாய். சங்கம் இருந்த காலத்திலிருந்து பழக்கம். முத்துமாரி போனில் ஒரு படத்தைக் காட்டினாள். ராணியின் கழுத்தைச் சுற்றித் தட்டு அகலத்துக்கு வெள்ளை மடிப்பு, மடிப்பின்மேல் மடிப்பு. தலையை அறுத்துத் தாம்பாளத்தில் வைத்த மாதிரி இருந்தது. கஞ்சி போட்டு விறைப்பாக்குவார்களாம். அங்கே அது அப்போதுதான் வந்த புதுப் பழக்கமாம். கஞ்சி நமக்குப் புதிதா? துணிதான் கிடைக்கவில்லை. லேசாக இருக்க வேண்டும், மடிப்பு நிற்க வேண்டும். பாய் ஒரு நாள் யோசித்துவிட்டு, நம் பக்கத்துத் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணியை ஒரு சுருள் வாங்கி வந்தார். நாலு மடிப்பாக்கிக் கஞ்சியில் முக்கி எடுத்தால் படத்தில் இருந்தது அப்படியே வந்துவிட்டது.

கை வெட்டுப்படுகிற வேஷத்துக்கு இசக்கி என்ற பையன். ஒல்லி, அதிகம் பேசமாட்டான், பாட்டில் அடி கனத்துக்குக் கண்ணாடி. உடுப்பைப் போட்டுப் பார்த்த அன்று, நானூறு வருஷத்துக்கு முந்தின ஆளுக்கு இந்தக் கண்ணாடி ஏது என்று முத்துமாரி அதைக் கழற்றச் சொன்னாள். கழற்றியவன் நேராக நடந்து என் ஈட்டிகள்மேல் விழுந்தான். அவள் அவனைத் தூக்கி நிறுத்தி, "பயப்படாதே. ராணி தலையில கிரீடம் மின்னும். மின்னுற பக்கம் திரும்பித் தொப்பியைக் கழத்து, போதும்" என்று சொல்லிக் கொடுத்தாள். மீந்த பேண்டேஜைப் பாய் அவன் வலது மணிக்கட்டில் சுற்றிச் சிவப்பு மை தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வெட்டச் சொன்னவளுக்குக் கழுத்துல கட்டு, வெட்டுப்பட்டவனுக்குக் கையில கட்டு. ஒரே துணி தோழரே, ஒரு முழங்கூட வீணாகல."

ஒரு நாற்காலிக்கு மட்டும்

என்னிடம் ஒரு தர்பார் திரை இருக்கிறது. இரண்டு பக்கமும் தூண் வரிசை, நடுவில் சிம்மாசனம் வரைக்கும் போகிற பாதை. அதைக் கடைக்குப் பின்னால் விரித்துக் கட்டியபோது, முத்துமாரி அங்கே இங்கே நகர்ந்து நகர்ந்து பார்த்தாள். ஓரத்திலிருந்து பார்த்தால் தூண்கள் கோணிக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன. நேர் நடுவில், குறிப்பிட்ட தூரத்தில் நின்றால் மட்டும் அத்தனையும் நேராக நிமிர்ந்து, திரை அரண்மனையாகிவிட்டது. இத்தனை வருஷம் அதை வாடகைக்கு விட்டிருக்கிறேன். முன்னால் வந்து நின்று பார்த்ததில்லை. எப்போதும் பின்னால் கயிறு பிடிக்கிற வேலைதான்.

அந்த ராணிக்கு அடுத்து வந்த ராஜாவின் அரண்மனையிலும் இப்படித்தானாம். திரைக்கு எதிரே எந்தப் புள்ளியில் நின்றால் எல்லாம் நேராகத் தெரியுமோ, அங்கே ராஜாவின் நாற்காலி. பிரபுக்கள் பதவிக்கேற்ப அவரைச் சுற்றி. யாருக்கு அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இடம் என்பதில் தூதர்களுக்குள் சண்டையே நடக்குமாம். பாயும் ஊசியைக் காதில் செருகிக்கொண்டு வந்து நடுவில் நின்று பார்த்தார், ஓரத்துக்குப் போய்ப் பார்த்தார். "அப்ப ஓரத்துல இருந்தவங்க எல்லாம் கோணத் தூணைப் பாக்கவா அம்புட்டுப் பட்டுக் கட்டிக்கிட்டு வந்தாங்க?" என்றார். முத்துமாரி சிரித்தாள். "அவங்க தூணை எங்க பாத்தாங்க பாய், நாற்காலியில இருந்தவர் எப்பச் சிரிக்காருன்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க."

நிலா தேயும்

அதே விழாவுக்கு அதே கல்லூரியிலிருந்து ஒரு தமிழ்ப் பேராசிரியரும் வந்தார். நிரந்தர வேலைக்காரர், கவிஞர். செயலாளருக்கு வாழ்த்துப்பா வாசிக்க அரசவைப் புலவர் தலைப்பாகையும் அங்கவஸ்திரமும் கேட்டார். தலைப்பாகையைக் கட்டிவிடும்போது சும்மா இருக்க மாட்டாமல் முத்துமாரியிடம் கேட்ட விஷயத்தைச் சொன்னேன். அந்த இங்கிலாந்து அரண்மனையில் ஒரு பிரபு, ராணியின் கோபத்துக்கு ஆளாகிச் சிறையில் கிடந்தபோது அவளை நிலா என்றும், தன்னை அவள் பின்னால் அலைகிற கடல் என்றும் வளர்த்து வளர்த்துப் பாட்டெழுதினானாம். அவளுக்கு அப்போது அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்ததாம். அங்கே பாட்டு என்பது பாதி வேலை விண்ணப்பம், பாதி மன்னிப்பு மனு என்று முத்துமாரி சொன்னாள். நானும் சிறையிலிருந்து எழுதியிருக்கிறேன், சோற்றில் கல் கிடக்கிறது என்று. நிலா வரவில்லை எனக்கு.

பேராசிரியர் கண்ணாடியில் தலைப்பாகையைச் சரிபார்த்தபடி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். கிண்டல் செய்கிறேன் என்று கோபித்துக்கொள்வார் என நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து கவிதையை எடுத்து ஒரு வரியை விரலால் காட்டினார். "நானும் மொதல்ல நிலவேன்னுதான் எழுதினேன் அண்ணாச்சி. நிலா தேயும், யாராவது போட்டுக் குடுத்துட்டா வம்பு. அதான் சூரியனேன்னு மாத்திட்டேன்."

வெட்டு

அரண்மனையில் நாடகம் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் படித்து வெட்ட ஒரு அதிகாரி இருந்தாராம். அவர் கையெழுத்து இல்லாமல் திரை எழும்பாது. முத்துமாரி இதைச் சொல்லி முடித்த வாரமே கல்லூரி மேனேஜர் என் கடைக்கு வந்துவிட்டார். செயலாளரின் வலக்கை. உடுப்பு கண்ணியமாக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றார். கையில் நாடகப் பிரதி, சட்டைப் பையில் சிவப்புப் பேனா. முத்துமாரியும் அப்போது அங்கே இருந்தாள்.

சிக்கல் எங்கே என்றால், செயலாளர் தன் மகனுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய இடத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். உள்ளூர்ச் சொந்தங்கள் முணுமுணுத்தன. இந்த நேரத்தில், அந்நியச் சம்பந்தம் ஆகாது என்று ஒருவன் துண்டறிக்கை எழுதுகிற நாடகமா? மேனேஜர் இசக்கியின் வசனத்தை அடிக்கத் தொடங்கினார். துண்டறிக்கையில் இருந்தது போனது. ராணியிடம் வாதாடியது போனது. கட்டைமேல் கையை வைத்துக் கூட்டத்திடம் பேசியது முழுப் பக்கமும் போனது. ராணியின் வசனத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனா நின்றது. முகம் மலர்ந்தது. "இது இருக்கட்டும்மா. 'ராணி நீடூழி வாழ்க.' இதுல மரியாதை இருக்கு."

என் உதவி

எனக்குக் கை துறுதுறுத்தது. மேனேஜர் போனதும் முத்துமாரியிடம் சொன்னேன்: அவர்கள் பிரதியில் வெட்டியதை நான் துண்டறிக்கையாக எழுதுகிறேன், தெரிந்த அச்சகத்தில் கேட்டால் மறுக்க மாட்டார்கள், விழா வாசலில் நானே நின்று கொடுக்கிறேன், நானூறு வருஷத்துக்குப் பிறகும் பேனாவுக்குப் பயப்படுகிறார்கள் என்று தலைப்பு. சொல்லச் சொல்ல எனக்கே பழைய வீரம் ஏறியது. முதல் வரி மனதில் ஓடத் தொடங்கிவிட்டது.

அவள் அடிபட்ட பிரதியை நீவி மடித்து வைத்தாள். அப்பாவுக்கு வயலில் தண்ணீர் இல்லாத வருஷத்தில் இந்த வேலை ஒன்றுதான் வீட்டைத் தாங்கியது என்பதை முன்பு ஒரு தடவை சொல்லியிருந்தாள். இப்போது அதைச் சொல்லவில்லை. "ஐயா, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க அச்சடிச்சா உங்களுக்குப் பேரு வரும். எனக்கு வேலை போகும். கை வெட்டுப்படுறது யாருக்குன்னு ஒரு தடவை யோசிச்சுட்டுப் பொறவு எழுதுங்க."

நான் எழுதவில்லை. என் வாழ்க்கையில் ஒரு துண்டறிக்கையை எழுதாமல் விட்டது அந்த ஒன்றுதான்.

அஞ்சு நிமிஷக் கிரீடம்

விழாவுக்கு முந்தின நாள் மேனேஜர் மறுபடி வந்தார். ஒரு பை நிறைய பேட்ஜ் கொண்டுவந்திருந்தார். செயலாளரின் படம் போட்டது. நடிக்கிற பிள்ளைகள் எல்லாம் நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டுமாம். பிரபுவின் சின்னம் போடாத நடிகனுக்குச் சாட்டையடி என்று முத்துமாரி சொன்னது ஞாபகம் வந்து நான் சிரித்தேன். அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். அதோடு, செயலாளருக்கு மேடையில் முடி சூட்டப் போகிறோம், உங்கள் கிரீடம் வேண்டும் என்றார். அது ராணிக்குப் போகிறதே என்றேன். நாடகத்துக்கு முன்னால்தான் பாராட்டு, அஞ்சு நிமிஷத்தில் கழற்றிக் கொடுத்துவிடுவார் என்றார். ஒரே மேடைதானே என்று நானும் தலையாட்டினேன்.

நம்மூர் மேடையில் ஒரு மரியாதை உண்டு. மாலை போட்டால் உடனே கழற்றிப் பக்கத்தில் நிற்கிறவனிடம் கொடுத்துவிட வேண்டும். பொன்னாடைக்கும் அதேதான். போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அற்பத்தனம். ஆனால் கிரீடத்தை எப்போது கழற்ற வேண்டும் என்று இதுவரை யாரும் வழக்கம் ஏற்படுத்தவில்லை. விழா அன்று பேராசிரியர் சூரியனே என்று தொடங்கி வாசித்து முடிக்க, கிரீடம் தலையில் ஏறியது. செயலாளர் மாலையைக் கழற்றினார், பொன்னாடையைக் கழற்றினார், கிரீடத்தோடு படியிறங்கி முதல் வரிசை நடு சோஃபாவில் உட்கார்ந்தார். போன்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பிப் படம் எடுத்தன.

திரைக்குப் பின்னால் மகேஷ் பேண்டேஜ் கழுத்துப்பட்டையோடு வெறுந்தலையாக நிற்கிறான். நான் மேனேஜரைப் பிடித்தேன். போய்க் கேட்கிறேன் என்று போனவர் சோஃபாவுக்குப் பத்தடி முன்னால் நின்று கையைப் பிசைந்துவிட்டுத் திரும்பினார். கேட்டீர்களா என்றேன். காதோரம் குனிந்து சொன்னார்: "தலையில இருக்கதை எறக்குங்கன்னு அவிய கிட்ட எந்த வாயால சொல்ல அண்ணாச்சி? நீங்க வேணா சொல்லுங்க, நீங்கதான் பழைய ஆளாச்சே."

மின்னிய பக்கம்

ஆயுள் முழுக்க அதைத்தான் சொன்னேன், சொல்லச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. அன்று வாய் வரைக்கும் வந்தது. முத்துமாரி கைக்கு எட்டும் தூரத்தில் நின்றதால் விழுங்கிக்கொண்டேன். உதவிக்கு வந்திருந்த பாய், பெட்டியைக் கிளறி எமதர்மன் கிரீடத்தை எடுத்து வந்தார். அதில் எருமைக் கொம்பு இருந்தது. முத்துமாரி ஒரு கணம் அதைப் பார்த்தாள். "வேண்டாம் பாய், ராணி வெறுந்தலையா இருக்கட்டும்" என்று சொல்லித் திரையைத் தூக்கச் சொன்னாள்.

நான் பக்கவாட்டில் கயிறோடு நின்றேன். எனக்குத் தெரிந்தது கோணத் தூண்கள். ராணி பேசினாள், கோபப்பட்டாள், கையை நீட்டி உத்தரவு போட்டாள். இசக்கிக்குக் கடைசி வரி தவிர வசனமே இல்லாததால் வாயை மூடிக்கொண்டு நின்றான். அதுவே பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. எல்லோரும் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள், அவன் பேசவில்லை. கட்டையில் கை வைத்தான். கத்தி இறங்கியது. பின் வரிசையில் ஒரு பெண்பிள்ளை அய்யோ என்றாள். மணிக்கட்டில் சிவந்த கட்டோடு எழுந்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேடையைத் துழாவினான். சிம்மாசனம் பக்கம் பார்த்தான். அங்கே எதுவும் மின்னவில்லை. மெதுவாக அரங்கத்தின் பக்கம் திரும்பினான். முதல் வரிசை நடுவில், விளக்கு வெளிச்சத்தில், எங்கள் தகரக் கிரீடம் சுடர்விட்டது. இடக்கையால் தொப்பியைக் கழற்றி, அந்தப் பக்கம் பார்த்து, அடி வயிற்றிலிருந்து சொன்னான்: "ராணி நீடூழி வாழ்க." விழுந்தான்.

மண்டபம் மூச்சுக் காட்டவில்லை. முத்துமாரி கண்ணை மூடிக்கொண்டாள். வேலை போயிற்று என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. அப்போது செயலாளர் எழுந்தார். கிரீடத்தோடு, இரண்டு கையையும் கூப்பி, இடம் வலம் திரும்பி வணக்கத்தை ஏற்றுக்கொண்டார். பின்னால் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்பை மறைக்கப் பக்கத்தில் இருந்தவன் கை தட்டினான். பிறகு மண்டபமே கை தட்டியது, நிற்கவே இல்லை. அவர் மேடை ஏறி மைக்கை வாங்கி, "கடைசியில அந்தப் பையன் எம் பக்கம் திரும்பினான் பாத்தீங்களா, அங்கதான் நாடகம் நிக்குது. இந்த அம்மா அடுத்த வருஷமும் இங்கதான் இருப்பாங்க" என்றார்.

கண்ணாடி

உடுப்பைத் திருப்பித் தர முத்துமாரி, மகேஷ், இசக்கி மூவரும் கடைக்கு வந்தார்கள். மகேஷ் ஊரெல்லாம் தன்னை ராணி என்று கூப்பிடுவதாகவும் அப்பா அதைக் கேட்டு மீசையைத் தடவுவதாகவும் சொன்னான். நான் இசக்கியைத் தனியாகக் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்துதான் திரும்பினாயா, தெரியாமல் திரும்பினாயா என்று கேட்டேன். தெரிந்து என்று சொன்னால் அவனுக்கு என் கையாலேயே டீ போட்டுக் கொடுப்பதாக இருந்தேன். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தான். "கண்ணாடி இல்லாம எனக்கு அங்க கிரீடம் மட்டும்தான் ஐயா தெரிஞ்சுது. யாரு தலைன்னு தெரியல." அவன் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. டீ போட்டுத்தான் கொடுத்தேன்.

முத்துமாரி கழுத்துப்பட்டையை மடிக்காமல் அட்டைப் பெட்டியில் வைத்தாள். கை வெட்டுப்பட்டவன் எதற்காக வாழ்த்தினான் என்று இப்போதாவது தெரிந்ததா அம்மா என்று கேட்டேன். அவள் வாசல் வரை போய் நின்றாள். "அவன் எதுக்கு வாழ்த்தினான்னு இன்னும் தெரியல ஐயா. எதிர்ல இருந்தவர் எதுக்கு எழுந்திரிச்சாருன்னு தெரிஞ்சுது, இந்த வருஷத்துக்கு அது போதும்."

கிரீடம் மட்டும் வரவில்லை. கேட்கப் போன என்னிடம், அது செயலாளர் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, சம்பந்தி வீட்டார் வந்தபோது வெகுவாகப் பாராட்டினார்கள் என்று மேனேஜர் பெருமையாகச் சொன்னார். முதலாளியைக் கேலி செய்ய நாங்கள் தகரத்தில் அடித்த கிரீடம் கடைசியில் சேர வேண்டிய தலைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது, சக பாவிகளே. என்ன, அது கேலி என்பதை அவருக்கு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும், அதற்குத்தான் முத்துமாரியிடம் எனக்கு அனுமதி இல்லை.